வலையில் விழாதது வயலில் இல்லாததா?

சென்ற இதழில் “மருந்து அடிப்பதற்கு முன் பூச்சியை எண்ணிப் பாருங்கள்” என்று எழுதியிருந்தேன். எப்படி எண்ணுவது என்பதைச் சொல்லாமல் விட்டதற்கு வாசகர்கள் நன்றாகவே காதைத் திருகியிருக்கிறார்கள். முப்பத்தொரு வருடம் அடுத்தவர் வயலில் பூச்சி எண்ணிச் சம்பளம் வாங்கியவள் நான், திருகு பொருத்தமானதுதான். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நெல் வயலில் வாரம் ஒரு முறை பூச்சிவலை வீசிப் பார்த்தேன். இருபது வீச்சுக்கு ஒன்றிரண்டு பச்சைத் தத்துப்பூச்சி, சில ஊசித்தட்டான், அவ்வளவுதான். வயல் சுத்தம் என்று இருந்துவிட்டேன். பத்தே நாளில் நடு வயல் வட்டம் வட்டமாகக் கருகிவிட்டது. வலை பொய் சொல்லுமா அக்கா?

வலை தான் பார்த்ததைச் சொன்னது. அது பார்த்தது பயிரின் தலையை மட்டும்.

இதே தவற்றை வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நானும் செய்தேன். ஒரு பெரியவரின் வயலில் மூன்று வாரம் தொடர்ந்து இருபத்தைந்து வீச்சு வீசி, நோட்டில் “புகையான் (பழுப்புத் தத்துப்பூச்சி): 0” என்று அழகாக எழுதி வந்தேன். நான்காவது வாரம் போனபோது அவர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. வயலுக்குள் இறங்கி ஒரு குத்தை, அதாவது ஒரே இடத்தில் நட்ட நெற்கொத்தைச் சாய்த்து உள்ளங்கையால் அடியில் இரண்டு தட்டு தட்டினார். தண்ணீர் மேல் கோதுமைத் தவிடு கொட்டியதுபோல் ஒரு படலம். தவிடு நகர்ந்தது. “இதை எண்ணலையாம்மா?” என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அந்த வயலில் நடந்தது உங்கள் வயலில் நடந்ததுதான்.

புகையான் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, குத்தில் கிளைக்கும் தண்டான தூரின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். குஞ்சுகளுக்கு இறக்கை கிடையாது. வளர்ந்தவற்றிலும் குட்டை இறக்கை வகை பறக்காது. வலையோ பயிரின் மேல் பகுதியைத் தடவிக்கொண்டு போகிறது. இரண்டும் சந்திக்க வழியே இல்லை. ஆக, புகையானுக்கு வலை வேண்டாம், முதுகை வளைக்க வேண்டும்.

நான் செய்யும் முறை இது. வயலின் குறுக்கே நடந்து 20 குத்து பார்ப்பேன். குத்தை அணுகும்போது என் நிழல் அதன்மேல் விழாமல் பார்த்துக்கொள்வேன். முதலில் தொடாமல் பார்ப்பது. ஏனென்றால் ஓநாய் சிலந்தி தொட்டவுடன் ஓடிவிடும், புகையான் அவ்வளவு அவசரப்படாது. சிலந்தியை எண்ணிய பிறகு குத்தைச் சாய்த்து அடியில் தட்டி, தண்ணீரில் விழுபவற்றை எண்ணுவேன். தண்ணீர் வடிந்த வயலென்றால் ஒரு வெள்ளைத் தட்டை அடியில் பிடித்தால் போதும். விழுந்தவற்றில் பச்சை நிறத்தில், தலையும் தோளும் கறுத்த, சுறுசுறுப்பான ஒரு சின்ன நாவாய்ப்பூச்சி இருக்கும். அது மிரிட் நாவாய்ப்பூச்சி. புகையானின் முட்டையையும் இளங்குஞ்சையும் குடிப்பது அது. அதைப் புகையான் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள், பலர் சேர்க்கிறார்கள்.

எண்ணியாயிற்று, இனி முடிவு. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான் என்பது நடவடிக்கை எடுக்கும் அளவு. குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் அது தூருக்கு 2. பதினைந்து தூர் உள்ள குத்தில் 15 புகையான் ஒரு வயலுக்கு ஆபத்து, பக்கத்து வயலுக்கு இன்னும் பொறுக்கலாம். பூச்சியின் எண்ணிக்கை ஒன்றுதான், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் வேறு. சிலந்தியை எண்ணாமல் புகையானை மட்டும் எண்ணுவது கடனை மட்டும் எழுதி வரவை எழுதாத கணக்கு.

வலையைத் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். தத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப் புழுவின் அந்துப்பூச்சி, கதிர் நாவாய்ப்பூச்சி, ஊசித்தட்டான், குட்டிக் குளவிகள் என்று மேலே வாழ்பவர்களைப் பார்க்க அதற்கு ஈடு இல்லை. வழக்கமான வலையின் வாய் 38 சென்டிமீட்டர் அகலம். ஓரடி எடுத்து வைத்து ஒரு வீச்சு, அரைவட்டமாக. வாயின் கீழ் விளிம்பு சற்று முன்னால் சாய்ந்திருக்க வேண்டும். பனி காயட்டும், காற்று பலமாக இருந்தால் வேண்டாம். அப்புறம் ஒன்று: ஒரு வயலை ஒரே ஆள் வீசுங்கள். என்னோடு வேலை பார்த்தவர் என்னைவிட ஒரு முழம் உயரம். அதே வயலில், அதே மணிக்கு, அதே வலையால் வீசினால்கூட எங்கள் இருவர் எண்ணும் ஒன்றுபோல வந்ததே இல்லை. அவர் வீச்சில் எப்போதும் தட்டான் அதிகம், என் வீச்சில் தத்துப்பூச்சி அதிகம்.

கேள்வி: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறார்கள். பிறகு எதற்கு இருபது செடி, ஐம்பது செடி என்று அலைய வேண்டும்?

பானைக்குள் எல்லா அரிசிக்கும் ஒரே தண்ணீர், ஒரே சூடு. அதனால் அந்தப் பழமொழி பானைக்குச் சரி. செடியின் சாறு உறிஞ்சும் அசுவினி அப்படிப் பரவுவதில்லை. ஒரு தாய் ஒரு செடியில் இறங்கிக் குட்டி போடும், குட்டியும் அங்கேயே குட்டி போடும். ஒரு செடி பிசுபிசுவென்று இருக்கும்போது பக்கத்துச் செடி பளிச்சென்று இருக்கும்.

கணக்காகவே பார்ப்போம். நூறு செடி, நூறு அசுவினி. சராசரி செடிக்கு ஒன்று. அவை எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறி இருந்தால் சுமார் 37 செடியில் ஒன்றுமே இருக்காது, மீதியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இருக்கும். நீங்கள் 20 செடி பார்த்தால் கண்ணில் படாமல் போக வாய்ப்பே இல்லை. இப்போது அதே நூறு அசுவினி வெறும் 5 செடியில், தலா இருபதாக உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். சராசரி அதே ஒன்றுதான். ஆனால் 20 செடி பார்க்கும் ஆள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு தடவை ஒரு அசுவினியைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குப் போவார். “இல்லவே இல்லை” என்று சத்தியமும் செய்வார்.

பூச்சிகளின் இந்தக் கூட்டம் சேரும் குணத்தை எல். ஆர். டெய்லர் என்ற பூச்சியியலாளர் 1961-இல் ஒரு எளிய சூத்திரமாகவே எழுதிக் காட்டினார். சராசரி ஏற ஏற, செடிக்குச் செடி உள்ள ஏற்றத்தாழ்வு அதைவிட வேகமாக ஏறுகிறது என்பது அதன் சாரம். சூத்திரம் உங்களுக்கு வேண்டாம். இது போதும்: 20 செடியில் பூச்சி இல்லை என்றால் வயலில் இல்லை என்று அர்த்தமாகாது. நூற்றுக்கு 14 செடி வரை பூச்சி இருந்தும் உங்களுக்கு இப்படி நேர்ந்திருக்கலாம். 60 செடி பார்த்தும் இல்லை என்றால் அந்த அளவு சுமார் 5-க்கு இறங்கும்.

அதற்காக எப்போதும் அறுபதா? என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. இதற்கு ஒரு நல்ல தந்திரம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆபிரகாம் வால்ட் என்ற கணிதவியலாளர், ஆலைச் சரக்கைச் சோதிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். எத்தனை பார்ப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யாதே, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போ, நல்லதோ கெட்டதோ தெளிவானவுடன் நிறுத்து என்பது அது. பூச்சிக்காரர்கள் அதை அப்படியே கடன் வாங்கிக்கொண்டார்கள். வட அமெரிக்க சோயா வயல்களில் அசுவினிக்கு இப்படிப் பார்க்கிறார்கள். அங்கே செடிக்கு 250 என்பது மருந்தடிப்பதற்கான அளவு. 250 வரை யார் எண்ணுவது? நாற்பது வரை எண்ணு, நாற்பதைத் தொட்டால் அந்தச் செடி “உண்டு”, தொடாவிட்டால் “இல்லை” என்று குறி. முதலில் 11 செடி. அதில் ஆறோ குறைவோ “உண்டு” என்றால் அன்றைக்கு வேலை முடிந்தது. நடுத்தரமாக வந்தால் இன்னும் ஐந்து செடி. மிக நல்ல வயலிலும் மிக மோசமான வயலிலும் கால் மணி நேரம்கூட ஆகாது. நடுவில் ஊசலாடும் வயல்தான் நம்மை நடக்க வைக்கும்.

எந்தச் செடி என்பதும் முக்கியம். வரப்பு ஓரத்துச் செடியைப் பார்ப்பது சுலபம், அதனால்தான் எல்லோரும் அதையே பார்க்கிறார்கள். இலைப்பேனும் சிவப்புச் சிலந்தியும் (பெயர்தான் சிலந்தி, இது பயிரின் சாறு உறிஞ்சுவது) ஓரத்திலிருந்து நுழைபவை என்பதால் ஓரத்தைத் தனியாகப் பாருங்கள், தனியாக எழுதுங்கள். நடு வயலுக்குப் போய் இசட் மாதிரியோ டபிள்யூ மாதிரியோ நடந்து, இத்தனை அடிக்கு ஒரு செடி என்று கால் சொல்லும் செடியைப் பாருங்கள். கண் சொல்லும் செடி வேண்டாம். கண் எப்போதும் நோஞ்சான் செடியிடம்தான் போகும்.

கேள்வி: நான் வேளாண் கல்லூரி மாணவி. களை எடுத்த பாத்தியிலும் களை விட்ட பாத்தியிலும் குழிப்பொறி வைத்தேன். களை எடுத்த பாத்தியில் தரைவண்டு மூன்று மடங்கு விழுந்தது. களை வண்டுக்கு ஆகாது என்று எழுதலாமா?

எழுதிவிடாதே மகளே. குழிப்பொறி என்பது தரை மட்டத்துக்குப் புதைத்த கோப்பை, அது வண்டைத் தேடிப் போவதில்லை. வண்டு நடந்து வந்து விழுந்தால்தான் உண்டு. அதனால் அது எண்ணுவது வண்டின் தொகையையும் நடையையும் பெருக்கி வந்த ஒன்றை. வெறும் தரையில் வண்டு விறுவிறுவென்று நடக்கும். களைக்குள் தடுக்கித் தடுக்கி மெதுவாக நடக்கும். இரை நிறைய இருந்தால் வயிறு நிறைந்து ஓரிடத்தில் கிடக்கும், பசித்த வண்டு ஊர் சுற்றும். வெயில் ஏறினால் நடை கூடும். உன் இரு பாத்தியிலும் வண்டு சமமாகவே இருந்திருக்கலாம், களைப் பாத்தியில் அதிகமாகக்கூட இருந்திருக்கலாம்.

இதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. அரை மீட்டர் சதுரத்துக்கு ஒரு தகரச் சட்டத்தை மண்ணில் அழுத்தி, வெளியே ஓட முடியாமல் அடைத்துவிட்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கட்டியையும் புரட்டிக் கையால் எண்ணு. சலிப்பான வேலைதான், ஆனால் சதுர மீட்டருக்கு இத்தனை என்று சொல்லும் உரிமை அதற்குத்தான் உண்டு. இரண்டு பாத்தியிலும் சில இடங்களில் செய்து குழிப்பொறி எண்ணோடு ஒப்பிட்டுப் பார். ஓநாய் சிலந்திகளுக்கு இன்னும் இனிமையான வழி ஒன்று சொல்கிறேன். இரவில் டார்ச்சை நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வயலைப் பார். அவற்றின் கண்கள் பனித்துளி மாதிரி மின்னும். ஒரு கோட்டில் நடந்து மின்னும் புள்ளிகளை எண்ணு. பகல் முழுக்கச் சிலந்தியே இல்லை என்று சொன்ன ஒருவரை ஓர் இரவு அப்படிக் கூட்டிப்போனேன். அவர் வரப்பில் கால் வைக்கவே யோசித்தார்.

பொறி வைத்த முறையையும் சொல்லவில்லை நீ. கோப்பையின் விளிம்பு தரை மட்டத்துக்கு ஒரு நகக்கண் அளவு மேலே இருந்தாலும் வண்டு சுற்றிப் போய்விடும். மழைக்குப் பிறகு மண் அரித்து விளிம்பு தூக்கி நிற்கும், ஒவ்வொரு தடவையும் பார். தோண்டிய முதல் சில நாட்கள் வழக்கத்துக்கு மேல் விழும், மண் கிளறப்பட்டதால். அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்காமலிருப்பது நல்லது. உள்ளே உப்புத் தண்ணீரில் சில சொட்டு சோப்பு. சோப்பு இல்லாவிட்டால் சின்னச் சிலந்தி தண்ணீர் மேல் நடந்து சுவர் ஏறிவிடும். மேலே மூன்று குச்சியில் ஒரு மூடி. தவளை விழாமல் அகலக் கண்ணி வலை ஒன்று. கடைசியாக, “பொறி ஒன்றுக்கு, நாள் ஒன்றுக்கு இத்தனை” என்று எழுது. வெறும் மொத்தத்தை எழுதினால், இரண்டு கோப்பையை நாய் தோண்டிப்போட்ட வாரம் வண்டே அழிந்துபோனது மாதிரி தெரியும்.

கேள்வி: இனக்கவர்ச்சிப் பொறியில் நேற்று இரவு 12 அந்துப்பூச்சி. இன்றைக்கே மருந்து அடிக்கலாமா?

வேண்டாம். விழுந்த பன்னிரண்டும் ஆண். பெண் வாசனை என்று நம்பி வந்து ஏமாந்தவை, பாவம். உங்கள் வயலில் முட்டையிடப்போகும் பெண் எத்தனை என்று அது சொல்லாது. விழுந்த ஆண்களில் எத்தனை உங்கள் வயலில் பிறந்தவை, எத்தனை எங்கிருந்தோ பறந்து வந்தவை என்பதும் தெரியாது. அது சொல்வது, முட்டையைத் தேட வேண்டிய நாள் வந்துவிட்டது என்பதை. நாளை முதல் இலையின் மேலும் கீழும், மொட்டிலும் பாருங்கள். வாசனைக் குப்பியை, அதன் உறையில் போட்டிருக்கும் கெடுவுக்குள் மாற்றுங்கள். பழைய குப்பியில் பூச்சி விழவில்லை என்று மகிழ்ந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்படி ஒரு பெண் வாசனையை, பட்டுப்பூச்சியில், முதலில் இனம்கண்டது 1959-இல் அடால்ஃப் புட்டெனான்ட் என்ற ஜெர்மன் வேதியியலாளர். சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகள் தேவைப்பட்டன. நம்முடைய ஒரு குப்பி சுண்டுவிரல் நுனி அளவு.

கேள்வி: மஞ்சள் ஒட்டும் அட்டையில் பொறிவண்டும் ஒட்டிச் சாகிறதே, இது நியாயமா?

நியாயமில்லைதான். வயல் முழுக்கத் தோரணம் கட்டியதுபோல் தொங்கவிட்டால் நல்லதும் போகும். எண்ணுவதற்கென்றால் சில அட்டைகள் போதும், பயிரின் தலை உயரத்தில், பயிர் வளர வளர ஏற்றிக் கட்ட வேண்டும். ஒட்டியவர்களையும் வீணாக்காதீர்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெள்ளை ஈக்களுக்கு நடுவே எறும்பின் தலையளவு குளவிகள் ஒட்டியிருக்கும். அவையும் வரவு. இலைப்பேனுக்கு நீல அட்டை. ஆனால் அட்டையில் நிறைய, இலையில் கொஞ்சம் என்றால் இலையை நம்புங்கள். அட்டை பறப்பதைப் பிடிக்கிறது, பயிரைத் தின்பது இலையடியில் ஒட்டிக்கிடக்கும் குஞ்சு. பருத்தியில் வெள்ளை ஈயைப் பார்க்கும்போது நுனியிலிருந்து ஐந்தாவது இலையை, காலை குளிர்ச்சியில், காம்பைப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். பத்து மணிக்கு மேல் திருப்பினால் எண்ண ஒன்றும் இருக்காது, மூக்கில்தான் புகும்.

கேள்வி: வரிசைப் பயிருக்குத் துணி விரித்துத் தட்டும் முறை இன்னும் உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஒரு மீட்டர் நீளத் துணியை இரண்டு வரிசைக்கு நடுவே விரித்து, செடிகளைத் துணியின் மேல் சாய்த்து உதறுங்கள். புழு, நாவாய்ப்பூச்சி, பொறிவண்டு எல்லாம் விழும். வெள்ளைத் துணியில் வெளிறிய குஞ்சுகள் தெரியாது, அதற்குக் கறுப்புத் துணி. ஓடுகிறவர்களை முதலில் எண்ணுங்கள், சுருண்டு கிடக்கும் புழு காத்திருக்கும்.

கேள்வி: தண்டு துளைப்பானின் முட்டைக்குவியலைப் பொறுக்கி நசுக்குகிறோம். அதற்குள் நல்ல குளவியும் இருக்கும் என்று ஒருவர் சொன்னார். எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கடிதத்தை எழுதிய அம்மாவுக்கு ஒரு வணக்கம். நான் படித்த கேள்விகளிலேயே இதுதான் சரியான இடத்தில் கை வைக்கிறது. ஏனென்றால் இந்தக் குளவி மாதிரி ஒட்டுண்ணி எந்த வலையிலும் தட்டிலும் சரியாக அகப்படாது. அது இன்னொன்றின் வயிற்றுக்குள் இருக்கிறது.

நசுக்காதீர்கள், வளருங்கள். குவியல் ஒட்டிய இலைத்துண்டை வெட்டி, ஒரு குவியலுக்கு ஒரு கண்ணாடிக் குழாயில் போடுங்கள். குழாய் இல்லாவிட்டால் சின்ன மருந்துச் சீசா. இலை வாடாமலிருக்க ஈரமான காகிதத் துண்டு, வாயில் பஞ்சு. ஈரம் அதிகமானால் பூசணம் பிடிக்கும், கவனம். வெயில் படாத இடத்தில் பத்து பன்னிரண்டு நாள் வைத்துத் தினமும் ஒரு தடவை பாருங்கள். கறுத்த தலையுள்ள நூல் புழுக்கள் வந்தால் அது துளைப்பான். மிளகில் கால்வாசிகூட இல்லாத குளவி வந்தால் அது நம் ஆள். சில குவியலில் இரண்டும் வரும். இருபது குவியல் வைத்து, எத்தனையில் குளவி வந்தது என்று எழுதினால் உங்கள் வயலைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும். முதல் தடவை நான் இப்படி வைத்தபோது, நசுக்கச் சொல்லி நானே அனுப்பிய ஆட்களை நினைத்து இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

பொறுக்கும் வேலையை நிறுத்தவும் வேண்டாம். பொறுக்கியவற்றை ஒரு திறந்த டப்பாவில் போட்டு, டப்பாவைத் தண்ணீர் நிரம்பிய தட்டின் நடுவே வயல் ஓரத்தில் வையுங்கள், மேலே மழைக்கு ஒரு மறைப்பு. குளவிக்கு இறக்கை இருக்கிறது, பறந்து வயலுக்குப் போய்விடும். ஊர்ந்து வரும் புழு தண்ணீரில் நிற்கும்.

அசுவினியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கூட்டத்துக்கு நடுவே உப்பி, பழுப்பு நிறத்தில், காய்ந்த உளுந்துத் தோல் மாதிரி சில அசுவினி ஒட்டியிருக்கும். உள்ளே குளவி. முதுகில் வட்டமாகத் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. அப்புறம், முதலையின் குட்டி மாதிரி கறுப்பும் ஆரஞ்சுமாக ஓடும் புழுவைக் கண்டு நான்கு பேர் பயந்து எழுதியிருக்கிறார்கள். அது பொறிவண்டின் பிள்ளை. நசுக்காதீர்கள்.

கேள்வி: சரி, இரை விழுங்கிகளை எண்ணிவிட்டேன். செடிக்கு இரண்டு பொறிவண்டு, ஐம்பது அசுவினி. இது போதுமா, போதாதா?

ஓர் எண்ணை வைத்து நான் சொல்ல மாட்டேன். மூன்று நாள் கழித்து அதே செடிகளைப் பாருங்கள். ஐம்பது முப்பதானால் போதும், நூறானால் போதாது. இரண்டு எண்ணிக்கைக்கு நடுவே உள்ள திசைதான் பதில்.

அவை வேலை செய்கின்றனவா, சும்மா உட்கார்ந்திருக்கின்றனவா என்று நேராகவே கேட்கவும் முடியும். அந்துப்பூச்சி முட்டைகளை எண்ணி ஓர் அட்டையில் ஒட்டி, செடியில் கட்டுங்கள். 24 மணி நேரம் கழித்து மீதியை எண்ணுங்கள். பக்கத்திலேயே இன்னோர் அட்டையை எதுவும் நுழையாத வலைப் பைக்குள் கட்டுங்கள். காற்றிலும் பனியிலும் தானாக உதிர்ந்தது எத்தனை என்று அது சொல்லும். களிமண் பொம்மை மாதிரி பிளாஸ்டிசினில் பச்சைப் புழு உருட்டி இலையில் ஒட்டி வைப்பதும் உண்டு. மறுநாள் அதில் வண்டின் கடிவாய்த் தடமும் பறவையின் அலகுத் தடமும் தனித்தனியாகத் தெரியும். ஒரு பள்ளிப் பிள்ளைகளோடு இதைச் செய்தேன். தடம் பார்க்க அவர்கள் போட்ட சண்டையில் பாதிப் புழு பந்தாகிவிட்டது.

இந்த எண்ணும் வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்த அளவுக்கு மேல் போனால் நடவடிக்கை என்ற கருத்தை, 1959-இல் கலிஃபோர்னியாவில் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் என்ற பூச்சியியலாளர் நால்வர் தெளிவாக எழுதி வைத்தார்கள். அதற்கப்புறம் பிலிப்பைன்ஸில் பீட்டர் கென்மோரும் கூட்டாளிகளும் நெல் வயல்களில் புகையானையும் சிலந்தியையும் சேர்த்தே எண்ணினார்கள். 1984-இல் வெளிவந்தது அந்த ஆய்வு. மருந்தடித்த வயலில்தான் புகையான் பெருகியது. முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்க, வெளியே திரிந்த சிலந்தி செத்துப்போனதே காரணம். அந்த மாதிரி எண்களின் பலத்தில்தான் 1986-இல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. குனிந்து எண்ணியவர்கள் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது.

கேள்வி: கைப்பேசியில் படம் எடுத்தால் அதுவே எண்ணிவிடுகிறதாமே?

ஒட்டும் அட்டையைப் படமெடுத்தால் நன்றாகவே எண்ணும், எனக்கும் கண்ணுக்கு ஓய்வு. இலையைத் திருப்ப அதற்குக் கை இல்லை.

கேள்வி: இலை ஊதும் இயந்திரத்தைத் திருப்பிப்போட்டு பூச்சி உறிஞ்சலாமா?

தாராளமாக. குழாய் வாயில் ஒரு மெல்லிய துணிப் பையைச் செருகி, செடிகளின் மேல் இத்தனை நொடி என்று கணக்கு வைத்து உறிஞ்சுங்கள். வலைக்கு நழுவும் சின்னக் குளவியும் தத்துப்பூச்சிக் குஞ்சும் அகப்படும். ஈர இலையில் வேண்டாம், எல்லாம் கூழாகிவிடும். நிறுத்தும் முன் பையை எடுத்து வாயைக் கட்டிவிடுங்கள். நான் ஒருமுறை நிறுத்திவிட்டுப் பையை எடுத்தேன், அரை மணி நேர வேலை பறந்து போனது.

கேள்வி: நோட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

தேதி, மணி, வெயிலா மேகமா, பயிரின் வயது, எந்த முறை, எத்தனை தடவை, யார் எண்ணியது. பூச்சி, நல்லது, இரண்டுக்கும் தனிப் பத்தி. கடைசி மருந்து எப்போது என்பதை மறக்காதீர்கள். பார்த்து ஒன்றும் இல்லை என்றால் 0. பார்க்கவே இல்லை என்றால் ஒரு சிறு கோடு. இந்த இரண்டையும் குழப்பியதால்தான் அந்தப் பெரியவரின் வயலில் நான் மாட்டிக்கொண்டேன். புகையானுக்கு நேராக மூன்று வாரமும் நான் கோடு போட்டிருக்க வேண்டும்.

பென்சிலால் எழுதுங்கள். சாராயத்தில் போட்டு வைத்த பூச்சிக்குப் பேனாவால் சீட்டு எழுதினால் ஒரு வாரத்தில் மை கரைந்து சீட்டு வெள்ளையாகிவிடும், பூச்சி நீலமாகிவிடும். அடையாளம் கேட்டுப் படம் அனுப்புகிறவர்கள், பூச்சிக்குப் பக்கத்தில் அதே பென்சிலின் முனையை வைத்து எடுத்து அனுப்புங்கள். போன மாதம் வந்த படம் ஒன்றில் இருப்பது யானையா, பேன்பூச்சியா என்றே எனக்கு இன்னும் புரியவில்லை.